ரேவதி விற்ற பூந்திக்கொட்டை

ரேவதிக்கு வாய்தான் மூலதனம். செங்கம் சாலைத் தங்கும் விடுதிகளில் தொடங்கி வேங்கிக்கால் புது வீடுகள்வரை ஸ்கூட்டியில் சுற்றி, பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் விற்பாள். பாட்டிலில் ஒரு பச்சை இலை, அதன் கீழே ஒரு கொத்து பூந்திக்கொட்டை, 'நூறு சதவீதம் இயற்கை' என்று கொட்டை எழுத்து. இன்றைக்குத் துடைப்பத்துக்கே இலைப்படம் ஒட்டி விற்கிற காலம். சோப்பு மட்டும் சும்மா இருக்குமா? ஆனால் ரேவதி அதை மனதார நம்பினாள். அப்பாவின் நிலத்தில் பூச்சிமருந்து வாசத்திலேயே வளர்ந்தவள். இயற்கை என்று யாராவது சொன்னால் உருகிவிடுவாள். கம்பெனிக்காரர் சொன்னதை அவள் நம்பினாள், அவள் சொன்னதை ஊர் நம்பியது.

அளவுக்கு மீறி நம்பியவர் ஹைமவதி மாமி. கோயிலை ஒட்டிய தெருவில் குருக்கள் வீடு. அங்கே பட்டுப்புடவையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில்தான் அலசுவார்கள். கொட்டையை ஊறவைத்து, கசக்கி, நுரை எடுக்கிற வேலை மிச்சம் என்று மாமி பாட்டிலிலிருந்தே இரண்டு மூடி ஊற்றித் தன் கல்யாணப் பட்டை நனைத்துவிட்டார். அரக்குக் கரையின் சாயம் இளகி, மாம்பழ மஞ்சள் முழுக்கத் திட்டுத் திட்டாகப் பரவிவிட்டது.

அடுத்த முறை அங்கே போன ரேவதி, கொடியில் தொங்கிய புடவையின் திட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். 'பாத்திரத்துக்குன்னுதானே போட்டிருக்கு' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"பூந்திக்கொட்டைன்னு நீதானே சொன்னே, ரேவதி? அத நம்பித்தானே தோய்ச்சேன்?"

மாமி கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் மெதுவாகக் கேட்டதுதான் குத்தியது.

வாசலுக்கு வந்த கையோடு கம்பெனிக்காரரைப் போனில் பிடித்தாள். "பூந்திக்கொட்டை இருக்கா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"இருக்குங்க மேடம். ஒரு டிரம்முக்கு ஒரு கரண்டி ஊத்துறோம்."

"மிச்சம்?"

"எல்லாரும் போடுற அதே சோப்புதான். இலை இல்லாம யாரு வாங்குறாங்க? நீங்க விக்கிற வேலையப் பாருங்க."

ரேவதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்மேல் பாதிக் கோபம், தன்மேல் பாதி. உண்மையைச் சொன்னால் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் இனி எந்த வாசலில் நின்று எந்த முகத்தோடு பேசுவது? இத்தனை வருஷமாகச் சேர்த்தது அந்த ஒரு பெயர்தான்.

மறுநாள் வீடு வீடாகப் போனாள். "இது சாதா சோப்புத் தண்ணிதாங்க. பாத்திரம் நல்லா வெளுக்கும். பட்டுல மட்டும் போட்டுடாதீங்க. இயற்கைன்னு நான் சொன்னது பொய்யாப் போச்சு, மன்னிச்சுக்குங்க." சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு காபிக் கடைக்காரர், "அதெல்லாம் இருக்கட்டும், இலை போட்ட பாட்டில் தொடர்ந்து வருமில்ல? கழுவுற இடத்துல தெரியுற மாதிரி வெச்சாதான் கஸ்டமருக்கு நம்பிக்கை" என்றார். அவரிடம் பேசிப் பயனில்லை என்று கும்பிடு போட்டு வந்தாள். விடுதியில் பாத்திரம் தேய்க்கும் ஆதிலட்சுமியோ சிரித்துவிட்டாள். "எண்ணெப் பிசுக்கு போவுதுல்லக்கா? அப்ப குடுத்துட்டுப் போ. ஆனா இயற்கைன்னு நெனச்சு இனிமே ஜாஸ்தி ஊத்த மாட்டேன்."

கடைசியாக மாமி வீடு. கடையில் வாங்கிய நிஜப் பூந்திக்கொட்டைப் பொட்டலத்தை வைத்துவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். "தெரியாமத்தான் வித்தேன் மாமி. ஆனா கேட்டுத் தெரிஞ்சுக்காம வித்தது என் தப்புதான்."

மாமி சட்டென்று உள்ளே போனார். அவ்வளவுதான், இந்த வாசல் அடைபட்டுவிட்டது என்று ரேவதி செருப்பில் காலை நுழைத்தாள். மாமி ஒரு புட்டியோடு திரும்பி வந்தார். தரை துடைக்கும் திரவம். அதிலும் ஓர் இலை, வேப்பிலை.

"எங்காத்துப் பிள்ளை ஆன்லைன்ல வரவழைச்சிருக்கான். இதுல நெஜமாவே என்ன இருக்குன்னு விசாரிச்சுச் சொல்லு. தெரியலேன்னா தெரியலேன்னே சொல்லு. நீ சொன்னா நம்பறேன்."

ரேவதிக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, செருப்பை மறுபடி கழற்றிவிட்டுப் போனை எடுத்தாள்.

"கம்பெனி நம்பரப் படிங்க மாமி."