பெல் அடிக்காத சம்பந்தி

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு இரண்டு டூரிஸ்டுகள் வந்தார்கள். மலேசியாக்காரர்கள். வந்தார்கள் என்று சொல்வதா, வாசல் வரைக்கும் வந்து நின்றார்கள் என்று சொல்வதா... தெரியவில்லை. ஏனென்றால், வந்தவர்கள் உள்ளே வரவே இல்லை!

நெய்வேலிக்கு எதற்கு டூரிஸ்ட் என்று கேட்பீர்கள். மாமல்லபுரம், பாண்டிச்சேரி, சிதம்பரம் என்று ஊர் சுற்றக் கிளம்பியவர்கள்தான். நடுவில் எங்கள் குவார்ட்டர்ஸ். காரணம், என் மகன் கார்த்தி. பினாங்கில் வேலை பார்க்கிறான். உடன் வேலை செய்யும் மெய் லிங் என்ற சீனப் பெண்ணைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறான். அந்தப் பெண்ணின் அப்பா, அம்மாதான் இந்த மிஸ்டர் லிம், மிஸஸ் லிம். 'பெண் வீட்டார் வருகிறார்கள்' என்று சொன்னால் என் வீட்டுக்காரர் முறுக்கிக்கொள்வார். அதனால் 'டூரிஸ்ட்'. புரிகிறதா?

என் வீட்டுக்காரர் மைன்ஸில் ஆபரேட்டர். கோபக்காரர் இல்லை. பிடிவாதக்காரர். "அந்தப் பொண்ண நான் ஒரு குறையும் சொல்லல. ஆனா அவங்க அப்பா எதிர்ல உக்காந்து நான் என்னத்தப் பேசுவேன், சொல்லு? பாஷை வேற, சாப்பாடு வேற, சாமி வேற. இருக்கறது ஒத்தப் புள்ள. அவனுக்குக் கல்யாணம் பண்ணிட்டு, சம்பந்தியப் பாத்து ஊமை மாதிரி சிரிச்சுக்கிட்டே உக்காரணுமா?"

கார்த்தியோ, "அப்பா மனசார சரின்னு சொல்லாம நான் தாலி கட்டமாட்டேன்மா" என்று சொல்லிவிட்டான். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது யார்? வேறு யார், நான்தான்.

லிம் தம்பதிக்கு நம் ஊர் நாசூக்கு ஒன்றும் தெரியாதே என்று எனக்குக் கவலை. மெய் லிங்குக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பித் தள்ளினேன். செருப்பை வாசலில் கழற்றணும். எதையும் இடது கையால் கொடுக்கக் கூடாது. கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லவே கூடாது, 'போயிட்டு வரேன்'தான். ராகு காலத்தில் நல்ல காரியம் பேசமாட்டோம். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு, அதற்கு முன்னாலேயே வந்துவிட்டால் தேவலை...

அந்தப் பெண்ணும் பதிலுக்கு அனுப்பினாள். சோற்றில் ஸ்பூனைக் குத்தி நிறுத்தி வைக்காதீர்கள், அது இறந்தவர்களுக்குச் செய்வது. யாரையும் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டாதீர்கள். விரல்களை மடக்கிக்கொண்டு கட்டை விரலால் காட்டணும். அது மலாய்க்காரர்கள் பழக்கமாம், எல்லோருக்குமே ஒட்டிக்கொண்டதாம். மலாய், சீனர், இந்தியர் என்று மூன்று இனம் சேர்ந்து வாழும் நாடு, அப்படித்தானே இருக்கும்? எங்கள் பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்களேன். திருநெல்வேலி, கோயம்புத்தூர், கடலூர், கேரளா, ஆந்திரா... எங்கள் வீட்டுச் சாம்பாரிலேயே இப்போது நாலு ஜில்லா இருக்கிறது.

இத்தனை சொல்லிக் கொடுத்தேன். எங்கள் ஊரின் முதல் சட்டத்தைச் சொல்ல மறந்தேன்! பகலில் ஜன்னலை மூடியிருக்கும் வீட்டில் பெல் அடிக்கக் கூடாது. உள்ளே நைட் ஷிஃப்ட் முடித்த ஒருத்தர் தூங்குகிறார். குக்கர் விசிலுக்கே பயந்து சமைக்கிற ஊர் இது. ஒருமுறை வாட்டர் ஃபில்டர் விற்க வந்தவர் எங்கள் பெல்லில் கை வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஓடிவந்து, "யோவ், மனுஷன் தூங்கிக்கினு இருக்காரு, பெல்லு அடிக்கிறியே... உனக்கு மனசாட்சி இருக்குதா?" என்று கேட்டாள். அதையும் கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம். 'டூரிஸ்ட்' என்றால் நம்புகிற ஆளா என் வீட்டுக்காரர்? என்ன செய்தார் தெரியுமா? முதல் நாள் நைட் ஷிஃப்ட்டை வேண்டுமென்றே கேட்டு மாற்றி வாங்கிக்கொண்டார். காலையில் வந்தார், குளித்தார், யூனிஃபார்மைத் துவைத்துக் கொடியில் போட்டார். முன் ரூம் ஜன்னலில் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்துவிட்டார்.

"வந்தா நீ பேசி அனுப்பு. நான் தூங்கறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேசரி கிண்டிக்கொண்டே அழுதேன். பத்து மணிக்கு வர வேண்டியவர்கள் வரவில்லை. பத்தரையும் தாண்டியது. ஹாலுக்கு வந்து கர்ட்டன் இடுக்கில் பார்த்தால்... எதிரே வேப்ப மரத்தடியில் பாண்டிச்சேரி டாக்ஸி. பக்கத்தில் லிம் தம்பதி. அந்த அம்மா கைப்பையால் விசிறிக்கொண்டிருக்கிறார். மர நிழல் காருக்கே பாதிதான். ஏன் உள்ளே வரவில்லை?

சட்டென்று உறைத்தது. ராகு காலம்! நான் சொன்னதை அப்படியே கடைப்பிடிக்கிறார்கள்! ஐயோ, என்ன மரியாதை! இப்போது நானே போய்க் கூப்பிட்டால், நான் சொன்ன விதியை நானே மீறினதாகாதா? பன்னிரண்டு வரை வெயிலில் நிற்கவிடவும் மனசில்லை. கதவுத் தாழ்ப்பாளில் கையை வைப்பதும் எடுப்பதுமாக நின்றேன். வெளியே அவர்கள், உள்ளே நான். நடுவில் ராகு.

அப்போது பின்னாலிருந்து குரல்.

"மல்லிகா..."

என் வீட்டுக்காரர். கைலியும் பனியனுமாக நிற்கிறார். கண் சிவந்திருக்கிறது. ஆனால் தூங்கி எழுந்த முகம் இல்லை.

"போர்வை இடுக்குல பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பெல் அடிப்பாங்க, தூக்கத்தக் கெடுத்துட்டாங்கன்னு ரெண்டு வார்த்தை கத்தலாம்னு படுத்திருந்தேன்டி. டிரைவர் ஹாரன் அடிக்கப் போனான், அவரு வேணாம்னுட்டாரு. பெல் அடிக்க வந்தான், கையைப் பிடிச்சு இழுத்துட்டாரு. சம்சாரம் ஏதோ சத்தமா பேசுச்சு, வாயில வெரல வச்சுக் காட்டுறாரு. எனக்காக அந்த மனுஷன் வெயில்ல நிக்கிறாரு. நான் தூங்கற மாதிரி நடிச்சுக்கிட்டுக் கெடக்கேன். அசிங்கமா இருக்குடி."

கதவை நோக்கி நடந்தார்.

"ஏங்க, ராகு காலம்ங்க!"

"ராகுவாவது, கேதுவாவது... தள்ளு!"

சட்டைகூடப் போடாமல் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். டாக்ஸி டிரைவர் பண்ருட்டிப் பக்கத்துப் பையன் போல. என்னைப் பார்த்ததும் கொட்டித் தீர்த்தான்: "நான் இன்னா மேடம் பண்றது? வூட்டப் பாத்ததுமே நிறுத்துன்னாரு. ஹாரன் அடிக்கப் போனா மொறைக்கிறாரு. வெயில்ல நின்னுகினு இருக்கோம்ங்க!"

மிஸ்டர் லிம் பதறிப்போய், எழுப்பிவிட்டோமா, மன்னிக்கணும் என்று இங்கிலீஷில் சொன்னார். என் வீட்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி.

"யூ... ஷிஃப்ட்?"

"ஷிஃப்ட்!" என்றார் லிம். மலேசியாவில் ஈப்போ என்ற ஊரில் சிமெண்ட் ஆலையில் வேலை செய்கிறவர். விரல்களை மடக்கி, கட்டை விரலால் எங்கள் வீட்டைக் காட்டினார். ஜன்னல் போர்வை. வாசலில் சேறு காயாத சேஃப்டி ஷூ. கொடியில் சொட்டிக்கொண்டிருந்த யூனிஃபார்ம். தன் வீட்டு ஜன்னலில் அலுமினியத் தாளே ஒட்டி வைத்திருக்கிறாராம். அவருடைய சொந்தத் தம்பியே பகலில் வந்து பெல் அடித்துத் தொலைக்கிறானாம்!

நான் தமிழில் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

அப்புறம் என்ன? பாஷை வேறு, சாமி வேறு என்றவர், சோஃபாவில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினார். பாய்லர், பெல்ட், பிரேக்டவுன், ஓவர்டைம்... எல்லாம் இங்கிலீஷ் வார்த்தைதானே? மீதிக்குக் கை இருக்கிறது. மிஸஸ் லிம் காடாம்புலியூர்ப் பலாச் சுளையை ஆசையாகச் சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் இங்கிலீஷில் மெல்லச் சொன்னார்: "இவரும் வரமாட்டேன் என்றுதான் அடம்பிடித்தார். பையனோட அப்பாகூட நான் என்ன பேசுவேன் என்று கேட்டார்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடல் தாண்டியும் அதே கேள்வி, அதே பிடிவாதம்!

இன்டர்நெட்டில் எந்த நாட்டைத் தட்டினாலும் 'இதைச் செய்யாதீர்கள், அதைத் தொடாதீர்கள்' என்று நீளமாக வருகிறது. தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் எல்லாமே கை, கால், விரல் பற்றியது. உள்ளே ஒருத்தர் அசந்து தூங்குவார், கொஞ்சம் பொறு என்று எந்த வீடியோவில் சொல்கிறார்கள்? அது அவரவர் களைப்பிலிருந்து வருகிற மரியாதை என்று நினைக்கிறேன்.

கிளம்பும்போது மிஸ்டர் லிம் மனப்பாடம் செய்ததைத் திணறித் திணறிச் சொன்னார்: "போயித்து... வரேன்."

என் வீட்டுக்காரர் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வாங்க சம்பந்தி. அடுத்த தடவை பெல்ல அடிச்சுக்கிட்டே வாங்க. நான் லீவு போட்டுடறேன்."

சம்பந்தி! நான் சரியாகத்தான் கேட்டேனா?

"சம்பந்திக்கு இங்கிலீஷ்ல இன்னா மேடம் சொல்றது?" என்றான் டிரைவர். நானே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் எங்கே மொழிபெயர்க்க? லிம் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பிடித்த கையை அவரும் விடவில்லை.

கார் போனதும் இவர் வந்து படுத்தார். இந்த முறை நிஜத் தூக்கம். குறட்டை வேப்ப மரம் வரை கேட்டிருக்கும். நான் கார்த்திக்குச் சேதி சொல்லிவிட்டு, வாசற்படியிலேயே காவலுக்கு உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து எவனாவது பெல்லில் கை வைத்திருக்கணும்... தெரிந்திருக்கும் சேதி!