வாசனைக்கு மார்க் போட்டவள்

உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டு மாடியில்தான் நான் மெழுகுவத்தி செய்துவந்தேன். உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றுகிற சின்ன வாசனை மெழுகுவத்திகள். கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுத் தெரு ஒன்றில் கடை வைத்திருந்தவர் அவற்றை வாங்கி, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு விற்றார்.

இந்த வேலையில் கஷ்டமே வாசனையின் அளவுதான். கிண்ணத்தை மூக்கருகே வைத்தால் மல்லிகை கும்மென்று அடிக்கும். ஏற்றிவைத்தால் ஒன்றுமே இருக்காது. எண்ணெயைக் கொஞ்சம் கூட்டினால் தலைவலி வரும். அதனால் ஒவ்வொரு புதுக் கலவையையும் ஒரு வாரம் ஆறவிட்டு, சின்ன அறையில் ஏற்றி, ஜன்னலையும் கதவையும் ஒரு மணி நேரம் சாத்திவைத்து, அதன் பிறகு வெளியிலிருந்து ஒரு ஆள் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். செய்தவள் மூக்குக்கு அது பழகிப்போயிருக்கும். அவள் சொல்வது கணக்கில் வராது.

என் விஷயத்தில் பழக்கம் மட்டும் காரணம் இல்லை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் மூக்கு பழையபடி ஆகவில்லை. குழம்பு அடிப்பிடித்தால்கூடப் புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். இதைக் கடைக்காரரிடம் நான் சொல்லவில்லை. "எல்லாத்தையும் நானே ஏத்திப் பாத்துத்தான் சார் குடுக்கறேன்" என்றுதான் சொல்லியிருந்தேன். என் கணவர் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். வீட்டில் இருக்கும் நேரத்தில் எதைக் காட்டினாலும் "நல்லாத்தான் இருக்கு" என்பதோடு சரி.

ஆகவே கீழ்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தவள். கணவனும் பள்ளிக்கூடம் போகும் பெண்ணும் கிளம்பிய பிறகு ஜாக்கெட் தைப்பாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். "ஒரு நிமிஷம் மேல வந்துட்டுப் போறியா?" என்று படியிலிருந்து குரல் கொடுத்தால், மெஷினை நிறுத்திவிட்டு வந்துவிடுவாள். உள்ளே போய் நின்று, ஐந்துக்கு எத்தனை மார்க் என்று சொல்லிவிட்டுப் போவாள்.

"மூணு குடுக்கலாம்க்கா. கதவுகிட்ட வரல, உள்ள போனாத்தான் தெரியுது."

அவள் மூக்கு அத்தனை துல்லியம். நான் ஒரு கிராம் கூட்டியதைக்கூடச் சொல்லிவிடுவாள். அவள் மார்க்கை நோட்டில் எழுதி, அதை வைத்தே எண்ணெயை அளந்தேன். கடையில் என் மெழுகுவத்திக்குப் பெயர் கிடைத்தது. அந்தப் பாராட்டில் அவளுக்கும் பங்கு உண்டு என்று ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் ஜாக்கெட் அளவு கொடுக்கக் கீழே போனேன். பாதித் துணியில் ஊசி நின்றிருந்தது. அவள் அடுப்படியில் இருந்தாள். தையல் மெஷின் டிராயர் பாதி திறந்திருந்தது. நூல்கண்டுகளுக்கு நடுவே நீல நிறத்தில் ஒரு இன்ஹேலர் கிடந்தது. மேலே வந்துவிட்டுப் போகும்போதெல்லாம் அவள் படியில் நின்று இருமுவது உடனே ஞாபகம் வந்தது. மாமியாருடையதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் மாமியார் அரியாங்குப்பத்தில் இருந்தார். அவருடைய மருந்து இங்கே எதற்கு இருக்கப்போகிறது? அது எனக்கே தெரியும். ஆனாலும் அளவு கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டேன். மறுநாள் மறுபடி கூப்பிட்டேன். அதற்குப் பிறகும் எத்தனையோ நாள்.

மழைக்காலத்தில் கடைக்காரர் போன் செய்தார். "மேடம், ரூம் பூரா மணக்கணும்னு கேக்கறாங்க. இன்னும் ஸ்ட்ராங்கா வேணும்." எண்ணெயை நிறையவே கூட்டி ஊற்றினேன். ஆறவைத்து, அடுத்த வாரம் மதியம் மூன்று கிண்ணங்களை ஒன்றாக ஏற்றி அறையைச் சாத்தினேன். வெளியே நல்ல மழை. அவளைக் கூப்பிட்டபோது கொஞ்சம் தயங்கியது போல இருந்தது. "ஒரு ஜாக்கெட் அவசரமா கேட்டிருக்காங்கக்கா…" என்றாள். "ஒரு நிமிஷந்தானேம்மா" என்றேன்.

உள்ளே போனவள் மார்க் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். தோள் இரண்டும் தூக்கித் தூக்கி விழுந்தன. மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரி சத்தம் வந்தது. வாயைத் திறந்தாலும் பேச்சு வரவில்லை; கையை மட்டும் கீழே காட்டினாள்.

நான் ஓடினேன். நேராக அவள் வீட்டுக்குள் போய், மெஷின் டிராயரை இழுத்து, இன்ஹேலரை எடுத்துவந்து கையில் கொடுத்தேன். அதை வாயில் வைப்பதற்கு முன்னால் அவள் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

அதில் முழுதாக அடங்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். முகத்தில் மாஸ்க் வைத்து மருந்து கொடுத்தார்கள். மூச்சு சீரான பிறகு டாக்டர் வந்து கேட்டார். "புகை, சென்ட், பெயின்ட், இந்த மாதிரி ஏதாவது பட்டுதாம்மா?"

நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. என் புடவையெல்லாம் மல்லிகை எண்ணெய் மணந்திருக்க வேண்டும்; எனக்குத்தான் தெரியவில்லை.

"ஒண்ணும் இல்ல சார். மழ குளிருதான்" என்றாள் அவள்.

நான் தலையாட்டினேன். அவள் பொய் சொன்னது எனக்காக. நான் தலையாட்டியது என்னைக் காப்பாற்றிக்கொள்ள.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"டிராயர்ல இருக்கும்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"முன்னாடி ஒருநாள் பாத்தேன்."

"எப்ப?"

"அளவு குடுக்க வந்தப்ப."

அளவு கொடுத்தது ஆடி மாதம். இப்போது ஐப்பசி. அவள் மனதுக்குள் மாதங்களை எண்ணியிருப்பாள். கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நீயாவது முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வீட்டுக்காரங்க கூப்பிட்டா எப்படிக்கா முடியாதுன்றது?" என்றாள்.

நான்கு நாள் கழித்து டாக்டர் மறுபடி வரச்சொல்லியிருந்தார். நானும் வருகிறேன் என்று பிடிவாதமாகக் கூடப் போனேன். டாக்டர் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன்: மெழுகுவத்தி, மூடிய அறை, என் மூக்கு, நான் இன்ஹேலரைப் பார்த்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இனிமே அந்தப் பக்கமே போகாதம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு மாத்திரை எழுதினார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது மாதிரி இருந்தது.

வெளியே வந்ததும் அவள் நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"ஏன்க்கா சொன்னீங்க? அன்னிக்கு நான் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்ல? இப்ப டாக்டரு என்னத்தான பொய் சொன்னவன்னு நெனப்பாரு? என்னக் கேட்டுட்டு சொல்லியிருக்கலாம்ல?"

நியாயம் செய்கிறேன் என்று கிளம்பி வந்தபோதும் நான் அவளைக் கேட்கவில்லை.

அந்த வாரமே கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லி நிறுத்திக்கொண்டேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார், அவ்வளவுதான். மிச்சமிருந்த எண்ணெய்ப் புட்டிகளையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். இப்போது வாசனை இல்லாத வெள்ளை மெழுகுவத்தி மட்டும் ஊற்றுகிறேன். மாதா கோயிலுக்கு வாங்கிப் போகிறார்கள்.

பள்ளிக்கூடப் பரீட்சை முடிந்ததும் அவர்கள் அரியாங்குப்பத்துக்கே குடிபோனார்கள். மாமியாருக்கு முடியவில்லை, கூட இருக்க வேண்டும் என்று காரணம் சொன்னாள். உண்மையாகவும் இருக்கலாம். சாமான்களை ஏற்றிய பிறகு சாவியைக் கொடுக்க மாடிக்கு வந்தவள், கடைசிப் படிக்கு முந்தின படியிலேயே நின்றுகொண்டாள். அங்கிருந்தே கையை நீட்டினாள். நான் இரண்டு படி இறங்கிப் போய் வாங்கிக்கொண்டேன்.