மிஞ்சிய மஞ்சள் பூ

பில்டிங் பிளாக்ஸ் பெட்டியில் வந்த துண்டுகளை வைத்தே, அட்டைப் படத்தில் இல்லாத வேறொன்றைக் கட்டுவது நாற்பது வயதில் எனக்குப் பிடித்த பைத்தியம்.

என் மனைவி கால் முறிந்து படுத்திருந்தபோது அவளும் அந்தத் துண்டுகளில் ஒரு வீடு கட்டினாள். அவள் ஆத்தூருக்குப் போயிருந்த அன்று அதைப் பிரித்து, எங்கள் ஊருக்குப் பேர்போன பூட்டு ஒன்று செய்துவிட்டேன்.

திரும்பி வந்தவள் அலமாரியைப் பார்த்தாள்.

“என் வீட்டையா பிரிச்சீக?”

“செத்த நேரம் பொறு, அப்படியே கட்டித் தந்துர்றேன்.”

கையேட்டைப் பார்த்துப் பிசகாமல் கட்டினேன். ஒரு மஞ்சள் பூ மிஞ்சியது. கையேட்டில் அதற்கு இடமில்லை, அவளாகச் சேர்த்தது.

“இதை எங்க வச்சிருந்த?”

“நீங்க பாத்ததே இல்லையா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தினமும்தான் பார்த்திருக்கிறேன், அதில் எந்தத் துண்டு எனக்கு ஆகும் என்று.