மசித்தீவின் சட்டம்

தலைநகரம் டெல்லிக்குப் போகிறது என்ற செய்தி பவானிபூருக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல் காப்பி வேளை. டெல்லியில் சக்கரவர்த்தியின் தர்பார் தினம் என்று ஆபீஸ்களுக்கெல்லாம் விடுமுறை. பட்டாபிராமன் தரையில் சப்பணமிட்டு, மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு, தம்முடைய தேசத்தில் கிணறுகள் யாருக்குச் சொந்தம் என்று எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டு ஹரிபத பாபு செய்தியைத் தெருவிலிருந்தே உரக்கச் சொல்லிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். வங்காளம் மறுபடி ஒன்றானதற்குச் சந்தோஷப்படுவதா, ராஜதானி கைவிட்டுப் போனதற்கு அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை. பட்டாபிராமன் காகிதத்திலிருந்து பேனாவை எடுக்கவில்லை.

“மேற்படி விஷயம் வேறே ராஜ்யத்தைச் சேர்ந்தது. உட்காருங்கோ மோஷாய், கிணத்தை முடிச்சுட்டு வரேன்” என்றார்.

பட்டாபிராமன் ஹைகோர்ட்டுக்கு அருகில் ஒரு வெள்ளைக்கார வக்கீல் கம்பெனியில் பத்திரங்கள் எழுதித் தயாரிக்கிறார். ஒல்லியான தேகம், காதில் சிவப்புக் கடுக்கன், கறுப்புக் கோட்டின் வலது கைநுனியில் எப்போதும் மசி. சணல் ஆலை கைமாறுவதானாலும் சரி, இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு சுவரைப் பங்கிடுவதானாலும் சரி, “ஆனால்” என்று தொடங்கும் ஒரு வாசகம் இல்லாமல் அவர் எந்த ஷரத்தையும் முடித்ததில்லை. வீட்டிலும் அதே வழக்கந்தான். ரசமா மோர்க்குழம்பா என்று மனைவி ஜகதாம்பாள் கேட்டால், “ரசம். ஆனால், எலுமிச்சம்பழம் அகப்படாத பட்சத்தில் மோர்க்குழம்பு” என்பார். காய்கறிக்காரன் அவரைக் கண்டால் கத்தரிக்காயைத் தானே பொறுக்கிக் கொடுத்துவிடுகிறான். ஒரு பக்கம் மட்டும் சொத்தையாக இருந்தால் என்ன ஏற்பாடு என்ற விசாரணைக்கு அவனிடம் நேரமில்லை.

அவருடைய தேசம் பிறந்தது ஒரு விபத்தினால். இரண்டு வருஷத்துக்கு முன் நண்பர் ஸ்ரீனிவாசராகவனுக்குக் கப்பல் வழி காட்டுவதற்காகத் தேசப்படத்தை விரித்தபோது, வங்காள விரிகுடாவின் நடுவில் ஒரு சொட்டு மசி விழுந்தது. துடைக்கப் போன கையை ஸ்ரீனிவாசராகவன் பிடித்துக்கொண்டார். “இருக்கட்டும் ஓய். யாருக்கும் சொந்தமில்லாத பூமி. கொடியை நடும்” என்றார். அன்றுமுதல் அது மசித்தீவு. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதற்குச் சட்டம் எழுதினார்கள். குண்டு வழக்குகளின் காலம்; ஸ்ரீனிவாசராகவனோ சர்க்கார் கணக்கு இலாகாவில் உத்தியோகஸ்தர். ஆகவே மசித்தீவுக்கு ராணுவம் கிடையாது, துப்பாக்கி கிடையாது என்று தலைப்பிலேயே எழுதிவைத்தார்கள். “அலிப்பூர் கோர்ட்டுக்குப் போனாலும் இந்தக் காகிதம் தலை நிமிர்ந்து போகும்” என்பார் பட்டாபிராமன்.

இருவரும் மரக்கறி உண்பவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீவில் எந்த உயிரையும் கொன்று தின்னக்கூடாது என்று மிகுந்த பெருமையுடன் எழுதி, ஹரிபத பாபுவுக்குப் படித்துக் காட்டினார்கள். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“நாலு பக்கமும் சமுத்திரம். மீன் கூடாதா? இது தேசமா மோஷாய், ஜெயிலா?”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தீவைச் சுற்றிக் கடல் இருக்கிறது என்பது அதுவரை அவர்களுக்குத் தோன்றவே இல்லை. மீனுக்கு ஒரு ஷரத்து கொடுத்த பிறகுதான் ஹரிபத பாபு பிரஜையாகச் சேர்ந்தார். பாங்கி உத்தியோகஸ்தர் மஹாதேவன் நாலாவது ஆளாக வந்தார். சட்டம் முழுதும் முடிந்தபின் நாலு பேரும் சம்மதித்தால் அது நிறைவேறும், சம்மதித்தவர் காலி டம்ளரைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று விதித்துக்கொண்டார்கள். அந்த மஹாதேவனை பாங்கி ரங்கூனுக்கு அனுப்பிவிட்டது.

பங்குனியில் ஸ்ரீனிவாசராகவனுக்கும் டெல்லி உத்தரவு வந்தது. சனிக்கிழமை ஹவுராவில் ரயில். அதற்கு முந்திய ஞாயிறன்று சட்டத்தை நிறைவேற்றியே தீரவேண்டும் என்று பட்டாபிராமன் பிடிவாதமாக இருந்தார். ஸ்ரீனிவாசராகவன் போய்விட்டால் மசித்தீவு மறுபடி வெறும் கறையாகிவிடும் என்று அவருக்குப் பயம். பக்கங்களெல்லாம் தயார். டம்ளர்கள்தான் மூன்று.

“நாலை அடிச்சுட்டு மூணுன்னு போடும் ஓய்” என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

“வசதிக்குத் தகுந்தாப்பல மாத்தினா அதுக்குப் பேர் சட்டமில்லே, சமையல்.”

“சமையல்ல மட்டும் மாத்திட முடியுமோ? உப்பைப் போட்டா போட்டதுதான்” என்று சமையலறையிலிருந்து ஜகதாம்பாளின் குரல் வந்தது.

ஹரிபத பாபு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “அண்ணியை, நம் பௌதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வரி விடாமல் எல்லாவற்றையும் கேட்டிருப்பது அவர் ஒருவர்தான்.”

ஜகதாம்பாள் கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படிக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால், பிரயாணத்துக்கு அப்பளம் அடுக்கிக்கொண்டிருந்த ஸ்ரீனிவாசராகவனின் மனைவி அனந்தலக்ஷ்மி தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஜகதாம்பாளின் குழந்தை பிறந்து சில நாட்களிலேயே போய்விட்டபோது, ஒரு மாதம் இந்த வீட்டு அடுப்பை மூட்டியவள் அனந்தலக்ஷ்மி. அந்த மாதத்தைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. மற்ற எல்லாவற்றையும் தினம் பேசுகிறார்கள்.

“சேரறேன். அவருக்கு மீன் குடுத்தேளோன்னோ? எனக்கும் ஒரு ஷரத்து வேணும்” என்றாள் ஜகதாம்பாள்.

“கேளுங்கோ மாமி. கஜானா உங்களுதுதான்” என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

“கஜானா வேண்டாம். அந்த தேசத்துல யாரையும், அவா சம்மதம் இல்லாம, இருக்கற எடத்தை விட்டு எடுத்து இன்னொரு எடத்துல கொண்டுபோய் வைக்கப்படாது.”

பட்டாபிராமன் பேனாவைக் கீழே வைத்தார். “ஒரு சர்க்கார் நடக்கணுமே ஜகது. ஒரே ஊர்ல ஒரு தாசில்தார் இருபது வருஷம் ஒக்காந்திருந்தா என்ன ஆகும்?”

“பழகின மொகமாப் போயிடும். லஞ்சம் கேக்க வெக்கப்படுவான்.”

“ஓய், டெல்லிக்கு அனுப்ப வேண்டியது என்னை இல்லே, இவாளை” என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

எல்லோரும் சிரித்தார்கள். பட்டாபிராமனும் சிரித்துக்கொண்டே எழுதத் தொடங்கினார். ஜகதாம்பாள் சொன்னதை அப்படியே எழுதினார். முற்றுப்புள்ளி வைக்கவேண்டிய இடத்தில் அரைப்புள்ளி வைத்து, பழக்கமான கை “ஆனால், பொது நன்மையை முன்னிட்டு” என்று மேலே ஓடியது. எழுதியதை வாய்விட்டுப் படித்தார்.

“‘ஆனால்’ வேண்டாம்” என்றாள் ஜகதாம்பாள்.

“அது இல்லாம ஷரத்து நிக்காதுடி.”

“நிக்கும். நிக்காட்டா விழட்டும். இவ டெல்லிக்குப் போறச்சே எவனாவது ‘ஆனால்’னு ஒரு வார்த்தை எழுதி நிறுத்தினானோ?”

அனந்தலக்ஷ்மி அப்பளத்தைப் பார்த்துக்கொண்டே, “மசித்தீவுக்கு டிக்கெட் எங்கே குடுக்கறான்னு கேளுடி. ரெண்டா வாங்கிண்டு வந்துடறேன்” என்றாள். குரல் நடுவில் சற்றுத் தேய்ந்து, பிறகு சிரிப்பாக மாறியது.

பட்டாபிராமன் அந்த வரியை மறுபடி படித்தார். எத்தனையோ பத்திரங்களில், எத்தனையோ மனிதர்கள் திரும்பி வருவதற்கும் தப்பித்துக்கொள்வதற்கும் அவர் வாசல் வைத்துக் கொடுத்திருக்கிறார். பிறகு ஒரே இழுப்பாக “ஆனால்” முதல் அடித்தார். அரைப்புள்ளியை அழுத்தி முற்றுப்புள்ளியாக்கினார். ஊதிக் காயவைத்தார்.

ஹரிபத பாபு கோப்பையைக் கவிழ்த்தார். ஸ்ரீனிவாசராகவன் டம்ளரைக் கவிழ்த்தார். ஜகதாம்பாள் உள்ளே போய், தான் காப்பி குடிக்கும் டம்ளரில் மிச்சமிருந்ததை நின்றபடியே குடித்துவிட்டு, கூடத்துக்குக் கொண்டுவந்து தரையில் டங்கென்று கவிழ்த்தாள். கடைசியாகப் பட்டாபிராமனுடையது. ஹரிபத பாபு மாடியிலிருந்து எட்டிப் பார்த்துத் தம் வீட்டுக்குக் குரல் கொடுக்க, அங்கிருந்து, வங்காளிகளின் சுபகாரிய வழக்கப்படி, சங்கு ஊதினார்கள். என்ன விசேஷம் என்று தெரியாமலே தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் ஊதினார்கள். சந்தேஷ் மிட்டாய் வந்தது. மசித்தீவு அன்று மாலை சுதந்திர நாடாகியது.

சனிக்கிழமை ரயில் நேரத்துக்குப் புறப்பட்டது.

இப்போது பட்டாபிராமன் ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டத்துக்கு நல்ல பிரதி எழுதுகிறார். டெல்லிக்கு ஒன்று, ரங்கூனுக்கு ஒன்று. தன்னுடைய ஷரத்து முதலில் வரவேண்டும் என்கிறாள் ஜகதாம்பாள். முதலில் வைத்தால் மற்ற ஷரத்துகள் எல்லாம் தத்தம் இடத்தை விட்டு ஓரிடம் நகரவேண்டும். சட்டம் அமலுக்கு வந்தபின் அப்படி நகர்த்துவது நியாயமா என்று அவருக்குச் சந்தேகம். பேனாவை மசியில் தோய்த்து அந்த வரிக்கு முன்னால் கொண்டுபோகிறார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, துணியில் துடைத்து வைத்துவிடுகிறார். மற்ற எல்லா ஷரத்துக்கும் எண் இருக்கிறது. அதற்கு மட்டும் இன்னும் போடவில்லை.