பதினேழு கேள்விகள்

வாடகை வீட்டுக்காக ஒரு பிரமாணப் பத்திரத்தில் நோட்டரி கையெழுத்து வாங்கத்தான் நான் புணே சிவாஜிநகர் கோர்ட்டுக்குப் போனேன். நோட்டரி டீ குடிக்கப் போயிருந்தார். மாடிப்படிக்குக் கீழே, ஸ்கூட்டர்கள் நிற்கும் இடத்தில், கறுப்புக் கோட்டு போட்ட ஒருவன் சுவரைப் பார்த்து மராத்தியில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும், சுவர் பதில் சொல்வதற்கு நேரம் கொடுப்பதுபோல் கொஞ்சம் நிறுத்தினான். பக்கத்தில் போனபோது கையிலிருந்த தாள் கண்ணில் பட்டது. அதில் இருந்தது தமிழ் எழுத்து.

"நீங்க தமிழா?" என்றேன்.

திடுக்கிட்டுத் தாளை மடித்தான். "ஆமாங்க. செஞ்சி பக்கம்." பிறகு என்ன நினைத்தானோ, "இது மராத்திதாங்க. எழுத்து மட்டும் நம்மளுது" என்றான்.

வசந்தகுமாரை எனக்குத் தெரிந்தது அப்படித்தான். மற்றதெல்லாம் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சொன்னது.

அவன் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் அவன். அந்தச் சொல்லுக்கு என்ன கனம் என்று எனக்கும் தெரியும். நுழைவுத் தேர்வு எழுதி, புணேயில் சட்டம் படிக்க இடம் கிடைத்தபோது, ஊரில் முக்கால்வாசிப் பேருக்குப் புணே எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. ஐந்து வருடமும் இங்கிலீஷில் படித்தான். கல்லூரியில் நடக்கும் மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் இரண்டு கோப்பை வாங்கினான். அவன் வக்கீலாகப் பதிவு செய்வதற்கு முன்பே அப்பா வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டார். மகன் எழுந்து நின்று பேசினால் நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார் என்று டீக்கடையில் சொல்லியும் வைத்திருந்தார்.

கானிட்கர் வக்கீலின் ஆபீஸில் சேர்ந்த முதல் வாரத்திலேயே வசந்தகுமாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கீழ்க்கோர்ட்டில் சாட்சி, விசாரணை, சண்டை, சிரிப்பு எல்லாம் மராத்தியில்தான். அவன் கடைவீதி மராத்தியைச் சமாளிப்பான். கோர்ட்டு மராத்தி வேறு. ஆகவே அவனுக்குக் கிடைத்த வேலை தேதி வாங்குவது. காலையில் அன்றைய போர்டைப் பார்த்து, சீனியருடைய வழக்கு எந்தெந்த அறையில் எத்தனையாவது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அறைக்கு அறை ஓட வேண்டும். கூப்பிட்டதும் எழுந்து, "சீனியர் வேறொரு கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருக்கிறார், தயவுசெய்து தேதி கொடுங்கள்" என்று மராத்தியில் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்தில் அந்த ஒரு வாக்கியத்தில் சிவாஜிநகரில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

கானிட்கர் கெட்டவர் இல்லை. ஜூனியர்கள்தான் வழக்கைப் படித்து, குறுக்கு விசாரணைக்கான கேள்விகளை எழுதித் தர வேண்டும், கேட்பது அவர். அந்த ஆபீஸின் வழக்கம் அது. அவருடைய சீனியர் அவரை ஆறு வருடம் அப்படி வைத்திருந்தாராம். அதைப் பெருமையாகவே சொல்வார். வசந்தகுமார் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த கேள்விகளை இரண்டு முறை அவர் வாங்கிக்கொண்டு போய், நின்ற இடத்திலேயே மராத்தியாக்கிக் கேட்டார். ஒரு சாட்சிக்கு வியர்த்துக் கொட்டியது. வெளியே வந்ததும் எல்லோரும் கானிட்கருக்குக் கைகொடுத்தார்கள். வசந்தகுமார் வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

"எனக்கு எப்ப ஸர் ஒரு சாட்சி?"

"மராத்தி வரட்டும்."

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஆசை. ஒரு சாட்சி. ஒரே ஒரு சாட்சியைத் தன் வாயால் கேட்க வேண்டும். பதிவில் தன் பெயர் ஏற வேண்டும்.

இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. வக்கீல்கள் அறையில் ஒவ்வொரு டீ வட்டத்துக்கும் அதனதன் ஆட்கள் இருந்தார்கள். மராத்தி ஜோக்குக்கு இவன் சிரித்து முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள். சரி, நம் ஆட்களாவது என்று ஔந்து பகுதியில் தமிழர்கள் நடத்திய ஒரு பொங்கல் விழாவுக்குப் போனான். பட்டுச் சட்டைக்காரர் ஒருவர் அன்பாகத்தான் விசாரித்தார்.

"எந்தக் கம்பெனி தம்பி?"

"கோர்ட்டுல ஸர். வக்கீல்."

"ஓ, லீகல் டீமா?"

"இல்ல ஸர். கோர்ட்டு."

"ஓ" என்று சொல்லிவிட்டு அவர் சர்க்கரைப் பொங்கல் பக்கம் திரும்பினார். வசந்தகுமார் இலையில் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தாபோடிக்கு நடந்தே வந்தான். அங்கேதான் அவன் அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர்.

அதே தாபோடியிலிருந்து ஒரு வழக்கு வந்தது. அமலா என்ற தமிழ் அம்மா. கணவர் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து இறந்தவர். முப்பது வருடமாக வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டை, எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது, யாரும் அங்கே வாழவில்லை என்று சொல்லி வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யக் கேட்டார். எதிர்வீட்டுக்காரர் அவருக்குச் சாட்சி.

"பூட்டு நெஜம்தான் தம்பி" என்றார் அமலா. "மழையில முன்கதவு ஊதிப்போச்சு. தொறந்தா மூட வராது, மூடினா தொறக்க வராது. அதனால தாலா போட்டுட்டு பின்பக்கமா போறோம், வரோம். இதுல அவன் அப்பனுக்கு என்ன போச்சு?"

வசந்தகுமார் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தான். பின்கதவு ஒரு சந்தில் திறந்தது. சந்தில் பொதுக்குழாய். எதிர்வீட்டுக்காரரும் அங்கேதான் தண்ணீர் பிடிக்கிறார். அங்கேயே தரையில் உட்கார்ந்து பதினேழு கேள்விகள் தயார் செய்தான். அமலாவின் மகள் ஸ்நேஹா ஒவ்வொன்றையும் மராத்தியில் சொல்ல, அவன் எழுதிக்கொண்டான். தேவநாகரி எழுத்தை அவனுக்கு எழுத வரும். சத்தமாக வாசிக்கும்போதுதான் நாக்குத் தடுமாறும். அதனால் தமிழ் எழுத்திலேயே எழுதினான்.

ஸ்நேஹா எட்டிப் பார்த்தாள். "அய்யோ, எனக்கு இது வாசிக்க வராதே. அம்மாவுக்கு வர்ற ஊர்க் காகிதம் மாதிரி இருக்கு."

சீனியருக்கும் வாசிக்க வராது என்பது அப்போது அவனுக்குத் தோன்றவே இல்லை. சாட்சி வரும் நாளுக்கு முன் பத்து நாள், மாடிப்படியின் கீழே சுவரை எதிர்வீட்டுக்காரராக வைத்துப் பழகினான். சீனியர் கேட்கப்போகும் கேள்விகளை இவன் ஏன் பழக வேண்டும் என்று நான் கேட்டேன். "சும்மா. வாயில வருதான்னு பாக்கத்தான்" என்றான்.

சாட்சி வரும் நாளில் வழக்கைக் கூப்பிட்டபோது கானிட்கர் வரவில்லை. வசந்தகுமார் எழுந்து தன் ஒரே வாக்கியத்தைச் சொன்னான். நீதிபதி அம்மா வழக்குக் கட்டைப் புரட்டினார். "ஏற்கெனவே நாலு தேதி. இன்று விசாரிக்காவிட்டால் குறுக்கு விசாரணை இல்லை என்று எழுதிவிடுவேன்" என்றார். அப்படி எழுதிவிட்டால் பூட்டுக் கதை அப்படியே நின்றுவிடும். பின் பெஞ்சில் ஸ்நேஹாவின் பக்கத்தில் அமலா முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூண்டில் சாட்சி ஏறிய நேரத்தில் கானிட்கர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். கையை நீட்டினார். வசந்தகுமார் தாளைக் கொடுத்தான். அவர் கண்ணாடியைப் போட்டார். தாளைத் திருப்பினார், மறுபடியும் திருப்பினார்.

"ஹே காய் ஆஹே?" என்றார். என்ன இது?

"மராத்தி, ஸர்."

"ஹே மராத்தி?"

"ஆரம்பிக்கலாமா?" என்றார் நீதிபதி.

வழக்குக் கட்டை கானிட்கர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அது அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "தூச் விசார்" என்றார். நீயே கேள்.

முதல் கேள்வியில் குரல் வரவே இல்லை. சாட்சி, "ஆ?" என்றார். இரண்டாவது முறை வந்தது. உங்கள் வீட்டு வாசலிலிருந்து தெரிவது எந்தக் கதவு? முன்கதவு. அதில்தான் பூட்டா? ஆமாம், எட்டு மாதம். சந்து பற்றி இன்னும் மூன்று கேள்விகள். பின்பக்கம் குழாய் உண்டா? உண்டு. அங்கே தண்ணீர் பிடிப்பீர்களா? தினமும். பிரதிவாதி அமலாவைத் தெரியுமா?

சாட்சிக்கு ஆவேசம் வந்துவிட்டது. "தெரியாமலா? தினமும் காலையில் குடத்தை முன்னால் வைத்துவிட்டு என்னோடு சண்டை போடுகிற பொம்பளை!"

"அந்த எட்டு மாதமும்?"

"ஒரு நாள் விடவில்லை!"

அறை சிரித்தது. நீதிபதி சிரிக்காமல் டைப்பிஸ்ட்டிடம் அதை வரி வரியாகச் சொன்னார். வசந்தகுமார் பத்தாவது கேள்விக்கு வாய் திறந்தான். பின்னாலிருந்து கானிட்கர் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தார். போதும், உட்கார். எட்டுக் கேள்விகள் தாளிலேயே தங்கிவிட்டன.

டைப்பிஸ்ட் பெயர் கேட்டார். சொன்னான். வழக்கை நடத்த அமலா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வக்காலத்தில் அந்தப் பெயர் இல்லை; கானிட்கரின் பெயர் மட்டும்தான். அதனால் பதிவில், 'கானிட்கர் வக்கீலுக்காக வசந்தகுமார்' என்று ஏறியது.

வெளியே அமலா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா, நான் சண்டை போட்டது வேஸ்ட் ஆகலை!" ஸ்நேஹாவுக்கு ஷிப்டு என்று அப்படியே லோக்கல் ரயிலுக்கு ஓடினார்கள். கானிட்கர் ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டே, "அடுத்த தடவை தேவநாகரியில் எழுது. நான் பாதியில் செத்துப்போனால் வேறு எவன் படிப்பான்?" என்றார். அவரிடமிருந்து வந்த பாராட்டு அவ்வளவுதான்.

வக்கீல்கள் அறையில் டீ வட்டங்கள் அப்படியே இருந்தன. அவன் ஜன்னலோரமாக நின்று ஊருக்குப் போன் போட்டான்.

"ஜெயிச்சிட்டியாடா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. கேஸு இன்னும் நடக்குது. நான் கேள்வி கேட்டேன்."

"கேள்வியா?"

"ஆமாம்பா. ஒம்பது கேள்வி. நானே கேட்டேன்."

அந்தப் பக்கம் டிராக்டர் ஒன்று போனது கேட்டது. "கேள்வி கேக்கறதுக்காடா ஏழு வருசம்?" என்றார் அப்பா. கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு, "சரி, சாப்ட்டியா?" என்றார்.

வசந்தகுமார் இப்போதும் கானிட்கரின் ஆபீஸில்தான் இருக்கிறான். மூன்று வக்காலத்துகளில் இரண்டாவது வரியில் அவன் பெயர் இருக்கிறது. கேள்விகளைத் தேவநாகரியில் எழுதுகிறான். ஆகவே சீனியர் வாங்கிப் படித்து அவரே கேட்கிறார். அதற்குப் பிறகு வந்த நான்கு சாட்சிகளில் இவனுக்குக் கிடைத்தது ஒன்று. அமலாவின் வழக்கு இறுதி வாதத்துக்குக் காத்திருக்கிறது. அவர் அதே வீட்டில், பின்கதவு வழியாகவே போய் வருகிறார். இவன் தாபோடியில் அதே அறையில் தனியாக இருக்கிறான்.