மீசைக்காரர் வாயில் எப்சியின் குரல்

எப்சி ஜேசனின் குரல் இதுவரை முந்நூறு திரைப்பாடல்களிலாவது இருக்கும். பெயர் ஒன்றில்கூட இல்லை. கோரஸ் பாடுகிறவர்களின் பிழைப்பு அப்படித்தான். அதில் அவருக்கு மனத்தாங்கலும் கிடையாது. நாற்பத்திரண்டு வயது, இரும்புலியூரில் மாடி வீடு, சிறுசேரிக்குத் தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் கணவர் ஜேசன். இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று உண்டு: சபையின் பாடகர் குழுவைப் பன்னிரண்டு வருடமாக நடத்துகிறவர் எப்சிதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, கிறிஸ்து பிறப்புப் பாடல்களாகவே நடக்கும் கேரல் ஆராதனை. அன்று குழுவுக்கு முன்னால் கையை உயர்த்தி நிற்கும் அந்த ஒரு மாலைக்காகத்தான் இவள் வருடம் முழுக்கச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள் என்று ஜேசன் கிண்டலடிப்பார். எப்சி மறுத்ததில்லை.

அந்த மாலைதான் இந்த டிசம்பரில் கைநழுவப் பார்த்தது. காரணம், ஒரு பாட்டில்.

தொலைக்காட்சி ஒன்றின் இசை விருது விழா. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் பிரம்மாண்டமான அரங்கம், நேரடி ஒளிபரப்பு. கோரஸுக்கு ஆள் பிடித்துத் தரும் வினிதா, எப்சியையும் வேறு மூன்று பெண்களையும் கறுப்புப் புடவையில் மேடையின் ஓரத்தில் நிறுத்தியிருந்தாள். பாட வேண்டிய நட்சத்திரப் பாடகர் எல்லாருக்கும் கடைசியாக, ஜிகினாக் கோட்டும் முறுக்கிய மீசையுமாக வந்திறங்குவார். கோரஸ் பெண்கள் தங்களுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் மாப்பிள்ளை.

அந்த வருடத்தின் பெரிய ஹிட் அவருடைய பாட்டு. குடிகாரன் ஒருவன் மது பாட்டிலைத் தன் மனைவியாக நினைத்துக் கொஞ்சுகிறான். அதைப் பாடிக்கொண்டே குதிக்கவும் வேண்டும் என்பதால் ஓர் ஏற்பாடு. வாத்தியம் நேரடி, கோரஸ் நேரடி, மாப்பிள்ளையின் குரல் மட்டும் லேப்டாப்பிலிருந்து. தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். பார்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது சரணத்தில் லேப்டாப் மக்கர் செய்தது. டிரம்ஸ் ஓடுகிறது, கிடார் ஓடுகிறது, மாப்பிள்ளையின் வாயும் ஓடுகிறது. குரலைக் காணோம்.

மற்ற மூன்று பெண்களும் சும்மா நின்றார்கள். அதுதான் சரி. ஆனால் எப்சி வளர்ந்த இடம் வேறு. இரும்புலியூர் சபையில் மைக் அணையும், கரண்ட் போகும், தனியாகப் பாடுகிறவருக்கு இருமல் வந்து வரி மறந்துபோகும். எது நடந்தாலும் பாட்டு கீழே விழக்கூடாது. பக்கத்தில் நிற்பவர் அடுத்த தாளத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். எட்டு வயதிலிருந்து இதிலேயே ஊறியவர். பாட்டு விழுகிறது என்று காது சொன்னது, வாய் திறந்துகொண்டது.

"பாட்டிலே, நீதாண்டி என் பொண்டாட்டி, மூடியத் தொறந்தா முத்தம் தருவே!"

கீர்த்தனை பாடுகிற அதே சுத்தம், அதே நிதானம். கேமரா அப்போது மாப்பிள்ளையின் மீசைமேல் இருந்தது. கண்ணீர் வரவழைக்கும் ஒரு பெண்குரலுக்கு அவர் இரண்டு வரி உருக்கமாக வாயசைத்து முடித்தார். அப்புறம்தான் உறைத்தது, திரும்பிப் பார்த்தார். கேமராவும் திரும்பியது. எப்சி கண்ணை மூடியிருந்தார். வலது கை தானாக உயர்ந்து மற்ற மூவருக்கும் தாளம் காட்டிக்கொண்டிருந்தது. அவர்களும் கட்டுப்பட்டு அதே இரண்டு வரியைத் திரும்பச் சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டார்கள். அத்தோடு விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் பொழுது விடியும்போது அந்தக் காட்சி இல்லாத போன் இல்லை. நேரடி என்று சொல்லி ஏமாற்றினார்களா என்று ஒரு சேனலில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இது சதி என்றார்கள் ரசிகர்கள். தொழில்நுட்பக் கோளாறு என்றது விழா நடத்திய தரப்பு.

வினிதா போன் செய்தாள். "அக்கா, மாப்பிள்ளையோட மேனேஜர் சாமியாடுறாரு. அவரு ஷோ பக்கம் கொஞ்ச நாள் உங்களைக் காட்ட முடியாது. மத்த ரெக்கார்டிங்லாம் வழக்கம்போல."

தெருமுனைப் பூக்கடை பச்சையம்மாவின் விமர்சனம் வேறு மாதிரி. "இன்னா எப்சிக்கா, டிவில பின்னிட்டியே! எங்க வூட்டுக்காரு அழுதுகினே பாத்தாரு."

"அழுதாரா?"

"பின்ன? அவரு மனசுல கீறத இதுக்கு முன்னாடி யாரு இப்படிப் பாடிக்கீறாங்க?"

சபையில் யாரும் அழவில்லை. செயலாளர் ஜெபராஜ் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். வருடா வருடம் மதுவிலக்கு ஞாயிறை முன்நின்று நடத்துகிறவர். அவர் போனில் பேசியது சுருக்கம். "புதன்கிழமை சாயங்காலம் கமிட்டி. அதுவரைக்கும் ரிகர்சல் வேண்டாம்மா."

ஆலயத்துக்குப் பின்னாலிருந்த அறையில் ஆயரும் கமிட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். எப்சிக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"மத்த மூணு பேரும் முதல்ல வாயை மூடிட்டுத்தானே நின்னாங்க?" என்றார் ஜெபராஜ்.

"ஆமா அங்கிள். நான் யோசிக்கல. பாட்டு நின்னுடுச்சு, எடுத்துட்டேன்."

"இனிமே வெளியில பாட மாட்டேன்னு சொல்லிடுங்க. கேரலை நீங்களே நடத்தலாம்."

எப்சி இந்த வருடக் கேரலை நினைத்துப் பார்த்தார். நான்கு குரலில் பிரித்து எழுதிய புதுப் பாட்டு ஒன்று பாதி ரிகர்சலில் நின்றிருந்தது.

"அப்படிச் சொல்ல முடியாது அங்கிள். அது என் வேலை. கேரல் எனக்கு உயிர்தான். அதுக்காகப் பொய்யா ஒரு வாக்குக் கொடுக்க முடியாது."

பொருளாளர் அபிகாயில் குறுக்கிட்டார். "அவங்களா எழுதினாங்க? பாட்டுல அப்படி என்னதான் தப்பா இருக்கு?"

"என்ன தப்பா?" ஜெபராஜுக்குச் சூடு ஏறியது. "பாட்டிலே, நீதாண்டி என் பொண்டாட்டி... இது தப்பில்லையா? மூடியத் தொறந்தா முத்தம் தருவே... இது?" மேசையில் விரல் தட்டினார். "அதுக்கப்புறம் வருது பாருங்க, காலியானா கண்ணீர் வருதே, ராசாத்தி..."

வசனமாகத் தொடங்கியது மூன்றாவது வரியில் ராகத்துக்கு வந்திருந்தது. விரல் தாளம் தப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் "ராசாத்தி, ராசாத்தி" என்று கோரஸ் எடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அங்கிள்," என்றார் அபிகாயில், "டிவில இந்த மூணாவது வரி வரவே இல்லையே? அதுக்குள்ள விளம்பரம் போட்டுட்டாங்களே?"

ஆயர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினார். எப்சி அடக்கவில்லை. ஜெபராஜ் கண்ணாடியைக் கழற்றி, வேண்டியதற்கும் மேலாகத் துடைத்தார்.

"பேரன் ஓயாம போடுறான். காதுல விழுந்துடுது."

"எல்லார் காதுலயும்தான் விழுது," என்றார் ஆயர். "எப்சி அம்மா வேலையை அவங்க பாக்கட்டும். கேரலை அவங்களே நடத்தட்டும். யாருக்காவது ஆட்சேபனை உண்டா?"

யாருக்கும் இல்லை. ஆனால் ஒன்றிலாவது பிடிவாதம் பிடிக்காமல் எழுந்துபோவது ஜெபராஜால் ஆகாத காரியம். "ஒண்ணு மட்டும். சபை யூடியூப்ல இந்த வருஷம் லைவ் வேண்டாம். அத்தனை பேரும் வந்து கமெண்ட்ல பாட்டில் படமாப் போடுவாங்க."

அது நியாயமாகவே பட்டது.

வியாழக்கிழமை ரிகர்சல் மறுபடி தொடங்கியது. கேரல் ஆராதனை ஞாயிறு மாலை ஆறு மணிக்கு. எப்சி நடத்துகிறார். நேரலை கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் இரும்புலியூருக்கு நேரில்தான் வர வேண்டும்.