ஏழு கள்ளிக் கன்றுகள்

பாலைவன ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குப் 'புழுக்கையக்கா' என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த வருடம், நாற்பத்திரண்டு கள்ளிக் கன்றுகள் முளைத்திருப்பதாக எழுதிக் கொடுத்தாள். அதிகாரி அரக்கப்பரக்க வந்து பார்த்தால், அத்தனையும் முயல் புழுக்கை. முளைத்த கள்ளியும் அதே அளவு, அதே உருண்டை. யார் கண்ணும் ஏமாறத்தான் செய்யும். ஆனால் ஆபீஸ் வாயை மூட முடியுமா? பத்தொன்பது வருடமாகியும் பெயர் போகவில்லை.

அன்றிலிருந்து வருடம் தவறாமல், ஆராய்ச்சிக்காகக் கயிறு கட்டிப் பிரித்த அதே நிலத்தில் மண்டியிட்டு ஊர்ந்து தேடுவாள். தொட்டுப் பார்க்காமல் எதையும் எழுத மாட்டாள். பிழைத்து நின்ற கன்று என்று எழுதியதெல்லாம் பூச்சியம்தான். பனைபோல் நிற்கும் பெரிய கள்ளிகள் விதையை வாரிக் கொட்டுகின்றன. ஒரு மழைக்கு முளைத்தும் விடுகின்றன. குளிர்காலத்தில் உறைபனி விழுந்தால் கதை முடிந்தது. பனிக்குத் தப்பினால் மறு வருட வெயில் தீய்த்துவிடும். அடுத்தடுத்து இரண்டு நல்ல மழை, நடுவில் மிதமான குளிர் என்று எல்லாம் கூடிவர வேண்டும். மூன்று சம்பந்திகளை ஒரே நாளில் சிரிக்க வைப்பது இதைவிடச் சுலபம்.

இந்த வருடமும் பூச்சியம் என்றால் நிலத்தைக் கைவிட்டுவிடலாம் என்று புதிய அதிகாரி சொல்லிவிட்டார். இத்தனை வருடம் முட்டி தேய்ந்ததற்கு ஒன்றுமே இல்லையா? ஆனால் இரண்டு வருடமாக மழை ஏமாற்றவில்லை, குளிரும் கடுமையாக இல்லை. அந்த நம்பிக்கையில் போனாள்.

மூன்றாம் நாள் காலை, ஒரு முட்புதரின் நிழலில் ஏழு பச்சை உருண்டைகள். ஒவ்வொன்றாகத் தொட்டாள். போனில் சொன்னதும் ஆபீஸே சிரித்ததாம்.

அதிகாரி நம்பாத முகத்தோடு ஜீப்பில் வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டையோடு மண்ணில் படுத்து விரலை நீட்டினார். சுருக்கென்று குத்தியதும் கையை இழுத்துக்கொண்டார். பிறகு, நிலத்தை இன்னும் இருபது வருடம் பார்க்கப் பரிந்துரைப்பதாகச் சொன்னார்.

"இது பூக்க எவ்வளவு நாளாகும்?"

"நாப்பது வருஷமாவது ஆகும் சார்."

"நீங்க ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆயிடுவீங்களே."

"ஆனா என்ன சார்? பொறந்ததப் பார்த்துட்டேன்ல" என்றாள் அவள், முகமெல்லாம் சிரிப்பாக.